கசிவின் திசை: மலையக இயந்திரங்களும் கேஸ்கட் பசையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு இதுவரை பெரும்பாலும் இரு கோணங்களிலிருந்தே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, காடழித்துத் தோட்டம் திறந்த துரைமாரின் கோணம். மற்றையது, கூடை சுமந்து கொழுந்தெடுத்த தொழிலாளரின் கோணம். முன்னையது பெருமிதத்தாலும் பின்னையது துயரத்தாலும் நிறம் பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையே, கொழுந்து தேயிலையாக மாறிய தொழிற்சாலையினுள்ளே, எண்ணெய் படிந்த கைகளோடு நின்ற ஒரு சாரார் உளர். இயந்திரம் ஓட்டியோரும் அதனைப் பழுதுபார்த்தோருமான இவர்களது அறிவுக்கும் ஒரு வரலாறு உண்டா என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

அவ்வினாவை மிகச் சிறியதொரு பொருளைக் கொண்டு ஆராய விழைகின்றேன். இயந்திரத்துக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய், அதன் தலைப்பகுதியோடு பொருந்துமிடத்தில் மெல்லியதொரு தாளோ தகடோ இடப்படும். இதனைக் கேஸ்கட் என்பர். நம்மவர் ‘பேக்கிங்’ என்றுங் கூறுவர். இக்கேஸ்கட்டைப் பொருத்துங்கால் இருபுறமும் பசை பூசவேண்டுமா, பூசாது விடவேண்டுமா? கலைப்பீட மாணவனொருவனுக்கு இது வேண்டாத ஆராய்ச்சியென அன்பர் சிலர் நகைக்கலாம். ஆயினும் இச்சிறு வினாவுக்குள் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தொழில்நுட்ப மாற்றமொன்று அடங்கியுள்ளது என்பதே எனது துணிபு.

மஸ்கெலியாவில், என் விடுமுறை நாளொன்றில், பழுதுபார்க்கும் நிலையமொன்றில் நின்றிருந்தேன். அங்கிருந்த முதியவர் தம் இளமையில் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். ஒரே வாகனத்தின் இயந்திரத்தில், கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியின் விளிம்புக்குப் பசையைத் தாராளமாகப் பூசிய அவர், மேலேயுள்ள காற்றுக் குழாயின் கேஸ்கட்டை எதுவும் பூசாமலே வைத்து முறுக்கினார். காரணம் வினவினேன். “அங்க ஒழுகுனா வெளிய வரும் தம்பி, கண்ணுக்குத் தெரியும். இங்க ஒழுகுனா உள்ளுக்குப் போயிரும். பசையும் உள்ளுக்குத்தான் போகும்” என்றார். எந்தக் கைந்நூலிலும் படித்து அவர் இதனைக் கூறவில்லை. கசிவின் திசை மாறியது என்னும் அவ்வுண்மையே இக்கட்டுரையின் மையப்பொருளாகும்.

கசிவு முதலில் வெளிநோக்கியதாகவே இருந்தது. நீராவி இயந்திரத்தில் அமுக்கம் உள்ளேயிருந்து வெளியே தள்ளும். மூட்டு பழுதுபட்டால் ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். குறை கண்ணுக்கும் செவிக்கும் உடனே புலனாகும். அக்காலத்து வார்ப்பிரும்பு விளிம்புகள் கரடுமுரடானவை. ஆகவே ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செவ்வீயப் பொடியும் வெள்ளை ஈயக் களிம்பும் சணல் நாரும் மூட்டுகளில் அப்பப்பட்டன. எவ்வளவு தடித்து அப்பினாலும் பெருந்தீங்கில்லை. மிகுதி வெளியே பிதுங்கும், அதனை வழித்தெறியலாம்.

இங்கிலாந்தின் ஜோசப் விற்வர்த் 1840 ஆம் ஆண்டில் மெய்ச்சமதளங்களை ஆக்கும் முறை பற்றிய கட்டுரையொன்றை அறிஞரவையில் வாசித்தார். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாறிமாறி ஒப்பிட்டுச் சுரண்டிச் சீர்செய்தால் மூன்றும் சமதளமாகும் என்பது அம்முறையின் சாரம். இரு தளங்கள் உண்மையாகவே சமமாயின் அவற்றிடையே அப்பவேண்டிய களிம்பின் அளவு குறையும். பசை என்பது தளத்தின் குறையை நிரப்ப வந்தது. தளம் திருந்தத் திருந்த அதன் தேவையும் சுருங்குகின்றது. இது பின்னர் வருவனவற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. மஸ்கெலியாப் பகுதியில் ‘மொக்கா’ என வழங்கும் தோட்டப்பெயர் கோப்பிக் காலத்தின் எச்சமாய் இன்றும் நிற்கின்றது. தேயிலை, கோப்பியைப் போலன்றிப் பறித்த இடத்திலேயே பக்குவப்படுத்தப்பட வேண்டிய பயிர். கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாறவைத்து, உலர்த்திச் சலித்தெடுக்க வேண்டும். பறித்த கணத்திலிருந்தே இலை மாறத் தொடங்குகின்றது. அதனை நாளைக்கென நிறுத்திவைத்தல் இயலாது. ஆகவே ஒவ்வொரு பெருந்தோட்டத்துக்கும் ஒரு தொழிற்சாலையும், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஓர் உந்துவிசையும் தேவையாயின. நம் மக்கள் இத்தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே வழங்குவர்.

ஓடைநீரால் சுழலும் சக்கரமும் நீர்ச்சுழலியும், விறகெரித்து இயங்கும் நீராவி இயந்திரமும் தொடக்கத்தில் அவ்விசையை வழங்கின. கண்டியில் 1854 இல் தொடங்கிய வோக்கர் நிறுவனமும், ஹட்டனில் 1875 இல் தொடங்கிய பிரவுண் நிறுவனமும் தோட்டங்களின் பொறித்தேவைகளை நிறைவேற்றி வளர்ந்தவை. 1884 இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. கனமான வார்ப்பிரும்புப் பாகங்கள் மலையேறி வருதல் அதன்பின் எளிதாயிற்று. எனினும் ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவரை அவற்றை மலைப்பாதை வழியே கொண்டுவரவேண்டியிருந்தது. பழுதடைந்த பாகமொன்றுக்கு இங்கிலாந்திலிருந்து மாற்றுப் பாகம் கப்பலேறி வரும்வரை கொழுந்து காத்திராது. ஆதலின் கையிலுள்ளதைக் கொண்டு மூட்டைக் காக்கும் திறனே தொழிற்சாலையைக் காத்தது எனலாம்.

அடுத்த மாற்றம் எண்ணெய் இயந்திரத்தோடு வந்தது. ஹேர்பர்ட் அக்றொய்ட் ஸ்ருவேட்டின் கண்டுபிடிப்பை அடியொற்றி, கிரந்தம் நகரின் ஹோண்ஸ்பி நிறுவனம் 1892 இல் கனவெண்ணெய் இயந்திரங்களை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டில் ருடோல்ஃப் டீசல் தமது ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய இயந்திரங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் இடம்பிடித்தன. ஒற்றை இயந்திரம் நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, தோற்பட்டிகள் அச்சுழற்சியை உருட்டும் பொறிக்கும் உலர்த்தும் பொறிக்கும் சலிக்கும் பொறிக்கும் பகிர்ந்தளித்தன. அவ்வொன்று நின்றால் ஸ்டோர் முழுவதும் நின்றது. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கிய தொழிலாளர், வெறும் சடங்குக்காக மட்டும் அதனைச் செய்தாரல்லர்.

இவ்வியந்திரம் ஒரு பக்கத்தில் நீராவி இயந்திரத்துக்கு நேர்மாறானது. நீராவி இயந்திரம் கொதிகலனிலிருந்து தள்ளப்படுவதை ஏற்கின்றது. எண்ணெய் இயந்திரமோ தானே காற்றை உறிஞ்சுகின்றது. உந்துதண்டு கீழிறங்கும்போது உள்ளே அமுக்கம் குறைய, வெளியே உள்ள வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகின்றது. ஆகவே உள்வாங்கு குழாயின் மூட்டு பழுதுபட்டால் எதுவும் வெளியே வராது. சீறலுமில்லை, கறையுமில்லை. வெளிக்காற்றே உள்ளே நுழையும்.

அதனால் விளையும் தீங்கு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். டீசல் இயந்திரத்தில் உள்வாங்கு குழாயின் வெற்றிடம் சிறிதே. ஆயினும் காற்று வடிகட்டிக்கு அப்பால் உள்ள மூட்டில் வெடிப்பிருந்தால், வடிகட்டப்படாத தூசு உள்ளே சென்று உருளையின் சுவரை அரைத்துத் தேய்க்கும். பெற்றோல் இயந்திரத்திலோ தீங்கு உடனடியானது. அங்கே காற்றும் எரிபொருளும் அளவறிந்து கலக்கப்படுகின்றன. களவாக நுழையும் காற்று அக்கலவையை மெலிவிக்கும். இயந்திரம் நிதானமாக ஓடாது தடுமாறும். வெப்பம் ஏறி வால்வுகள் கருகவுங்கூடும்.

நீராவிக் காலத்துப் பழக்கம் புதிய இயந்திரத்துக்கும் தொடர்ந்தபோதே சிக்கல் தோன்றியது. தடித்து அப்பிய களிம்பின் மிகுதி, விளிம்பின் வெளிப்புறம் பிதுங்குவது போன்றே உட்புறமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதை வழித்தெறியலாம். உள்ளே பிதுங்கியதோ காய்ந்து, உடைந்து, காற்றோடு சென்று வால்வின் இருக்கையில் அமரும். பசைகள் சில பெற்றோலில் கரைந்து மூட்டை வெறுமையாக்கும். வேறு சில, தாளுக்கும் உலோகத்துக்கும் இடையே வழுக்கலை உண்டாக்கும். அப்போது திருகாணியை முறுக்க முறுக்கத் தாள் நசுங்கி வெளியே வழுகும். இறுக்குவதற்கென இட்டதே நெகிழ்வுக்குக் காரணமாகும் விந்தையை ஈண்டுக் காண்கின்றோம்.

மஸ்கெலியாவுக்கேயுரிய சிக்கலொன்றும் உண்டு. இப்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4000 அடி உயரத்தில் அமைந்தது. கடலோரத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாயுள்ள வளிமண்டல அமுக்கம் இங்கே சுமார் 12.7 இறாத்தலே. பெற்றோல் இயந்திரத்தின் உள்வாங்கு குழாயில் உள்ள வெற்றிடத்தை அளக்கும் கருவி, நல்ல இயந்திரமொன்று மெதுவாக ஓடுகையில் கடலோரத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டும். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பது பொதுவிதி. எனவே இங்கே 13 முதல் 17 வரை காட்டினாலே இயந்திரம் நலமாயுள்ளது எனக் கொள்ளலாம். கருவியின் அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புவோன், மூட்டில் கசிவு என்று மயங்கி, நல்ல கேஸ்கட்டைக் கழற்றிப் பசை அப்புவான். மலையில் தொழில் பயின்றோன் அவ்வாறு செய்யான். மூட்டின் ஓரத்தில் சில துளி எண்ணெய் விட்டு, இயந்திரத்தின் ஒலி மாறுகின்றதா எனச் செவிகொடுத்துக் கேட்ட பின்னரே திருகாணியில் கைவைப்பான்.

இங்ஙனம் மலையில் அனுபவம் திரண்டுகொண்டிருக்க, உலகின் பிற பகுதிகளில் பொருள்களும் மாறின. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியாவின் ரிச்சட் கிளிங்கர் கல்நாரை அழுத்தித் தகடாக்கினார். இந்தியக் காடுகளில் மரப்பூச்சி தந்த அரக்கு, ஸ்பிரிட்டில் கரைக்கப்பட்டு மேலைநாட்டு இயந்திரங்களின் மூட்டுகளில் பூசப்பட்டது. 1909 இல் அமெரிக்காவின் நியூயோர்க்கில் ‘பெர்மாடெக்ஸ்’ நிறுவனம் தோன்றியது. 1953 இல் கனெற்றிக்கட் மாநிலத்தின் பேராசிரியர் வேர்ணன் கிரீபிள், காற்றுப் படாத இடத்தில் மட்டும் இறுகும் பசையை உருவாக்கினார். ‘லொக்டைட்’ என அறியப்படுவது அதுவே. பின்னர் ரோல்ஸ் றொய்சின் விமான இயந்திரத் தேவைக்காக, இறுகிக் கல்லாகாது நெகிழ்வாகவே நிற்கும் ‘ஹைலோமார்’ ஆக்கப்பட்டது. சிலிக்கோன் பசையும் குழாய்களில் அடைத்து விற்பனைக்கு வந்தது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறிப்பிட்ட மூட்டுக்காக எழுந்தவை. யாவற்றையும் ‘பசை’ என்னும் ஒரே பெயரால் சுட்டி எங்கும் பூசுதலே பிழைக்கு வழிகோலுகின்றது.

பசை எங்குமே ஆகாது எனக் கொள்வதும் மற்றொரு தவறாகும். இரு வரிசை உருளைகளை ஆங்கில ‘வி’ வடிவில் கொண்ட இயந்திரங்களில், உள்வாங்கு குழாய்த்தொகுதி இருபுறத் தலைகளுக்கும் நடுவே அமரும். அதன் முன்பின் விளிம்புகளிலும் நான்கு மூலைகளிலும் கேஸ்கட்டுகள் சந்திக்குமிடத்தில் சிறிதளவு சிலிக்கோன் வைக்குமாறு உற்பத்தியாளரே பல மாதிரிகளுக்குப் பணித்துள்ளனர். அங்கே தடுக்கப்படுவது எண்ணெய். குளிர்நீர் செல்லும் துளைகளைச் சுற்றி மெல்லிய பூச்சு வேண்டப்படுவதும் உண்டு. துருவால் குழிவிழுந்த பழைய தளத்துக்கும் சிறிது பசை கைகொடுக்கலாம். ஆயின் காற்று செல்லும் வாயைச் சுற்றி, துப்புரவான சமதளத்தில், செம்மையாய் அமைந்த கேஸ்கட்டை உலர்வாகவே வைத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் படிப்படியாக முறுக்குவதே பொதுவாக ஏற்ற முறையாகும். இன்றைய இயந்திரங்களில் இது மேலும் கண்டிப்பானது. அவற்றின் கழிவுக் குழாயிலுள்ள ஒட்சிசன் உணரியைச் சிலவகைச் சிலிக்கோன் ஆவி கெடுத்துவிடும்.

முதியவரின் கூற்றும் இதுவே. மூட்டின் எப்பக்கம் எது நிற்கின்றது, அது எத்திசையில் நகர முயல்கின்றது என்பதை அறிந்த பின்னரே பசையைப் பற்றிப் பேசவேண்டும் என்கின்றார் அவர்.

இவ்வறிவு தட்டுப்பாட்டுக் காலங்களில் கடுஞ்சோதனைக்குள்ளாயிற்று. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகங்கள் அரிதாயின. தோட்டங்கள் 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையானதும் அக்காலத்திலேயே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் அக்காலத்திலேயே. அவற்றோடு சேர்ந்து கைத்திறனும் கப்பலேறியிருத்தல் வேண்டும். எஞ்சியோர் தடித்த தாளை விளிம்பின்மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களை மெல்லத் தட்டிக் கேஸ்கட்டைத் தாமே வெட்டியெடுக்கும் முறையை அறிந்திருந்தனர். இரும்பின் விளிம்பே கத்தியாக, தாளில் அதன் வடிவம் அச்சொட்டாக விழும். திருகாணித் துளைக்கு இரும்புக் குண்டொன்றை வைத்துத் தட்டுவர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது இக்கைத்தொழில் மீண்டும் உயிர்பெற்றது. பழைய வாகனங்களே மலைப்பாதையில் தொடர்ந்து ஓடவேண்டியிருந்தன. பசைக் குழாயின் விலை ஏறிய நாளில், பசையின்றி மூட்டும் முறை தெரிந்தவனே மதிப்புப் பெற்றான்.

ஸ்டோர்களில் ஓய்வின்றி ஓடிய எண்ணெய் இயந்திரத்தை ஓயவைத்தது மஸ்கெலியாவின் நீரேயாகும். டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் நீர்மின் வலுவின் பயன்பாடு பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். 1950 இல் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1969 இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் மூழ்கியது; மக்கள் மேட்டில் எழுந்த புதிய நகருக்குப் பெயர்ந்தனர். வறட்சியில் நீர் வற்றும்போதெல்லாம் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுவதைக் காண இன்றும் மக்கள் திரள்வர். மின்சாரம் பரவப் பரவ, எண்ணெய் இயந்திரம் மின்தடைக் காலத்துக்குரிய துணையாகச் சுருங்கியது. ஊரை மூழ்கடித்த நீர் ஓர் அறிவின் தேவையையும் படிப்படியாகக் குறைத்தது.

ஆயினும் அவ்வறிவைக் கொண்டிருந்தோர் அதற்குக் கொடுத்த விலை இன்னும் கணக்கிடப்படவில்லை. செவ்வீயம் நஞ்சு, அதனை விரலாற் குழைத்தனர். கல்நார்த் தகட்டை வெட்டியும், பழைய கேஸ்கட்டைத் தளத்திலிருந்து சுரண்டியும், எழும் தூசை வாயால் ஊதியகற்றியும் வந்தனர். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துள்ளது. நோய் தோன்றப் பல்லாண்டுகள் செல்லும். பிரித்தானியா 1999 இல் அதனை முற்றாகத் தடைசெய்தது. ஆனால் பிரித்தானிய இயந்திரங்களை மலையில் ஓட்டிய நம்மவரின் நுரையீரல் பற்றி எப்பதிவேட்டில் தேடுவது? தோட்டக் கணக்குகளில் தேயிலையின் இறாத்தல் உண்டு. எரித்த எண்ணெயின் கலன் உண்டு. சுரண்டியவரின் மூச்சு அங்கே எழுதப்படவில்லை.

இதுகாறும் கூறியவற்றால், கேஸ்கட்டுக்குப் பசை பூசலாமா என்னும் வினாவுக்கு ஒற்றை விடையில்லை என்பதும், ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு காலத்து இயந்திரத்துக்குரியது என்பதும் தெளிவாகும். நீராவி வெளியே தள்ளிய காலத்தில் களிம்பு காவலாயிற்று. இயந்திரம் உள்ளே உறிஞ்சத் தொடங்கியதும் அதே களிம்பு பகையாயிற்று. இத்திருப்பத்தை மலையகத் தொழிலாளர் செவியாலும் விரலாலும் கற்றனர். அவர்களுக்குப் பட்டமில்லை, அவர்கள் எழுதிய நூலுமில்லை.

ஓடும் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோயறிந்த அத்தலைமுறையினர் மிகச் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். தமிழ்ச் சங்கத்தினராகிய நாம் கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் தேடிச் செல்வது போற்றத்தக்கதே. அத்தோடு, விடுமுறைக்கு ஊர் திரும்பும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்து முதிய இயந்திரத் தொழிலாளர் ஒருவரையேனும் கண்டு, அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதிவருதல் வேண்டும். அவர்கள் மறைந்த பின் அவ்வறிவை மீட்க வேறு சான்று கிடையாது. இப்பணியை அடுத்த விடுமுறையிலேயே தொடங்குமாறு சங்கத் தோழரை வேண்டிக்கொள்கின்றேன்.